“ஷீ செட்” எங்கே சேரும்?

2021 முதல் மலேசியாவின் எஸ்.பி.எம். தேர்வில், ஆங்கில எழுத்துத் தாளின் மூன்றாம் பகுதியில் கதையும் ஒரு தெரிவு. பிரிக்பீல்ட்ஸ் டியூஷன் மையமானாலும் கிள்ளான் இடைநிலைப்பள்ளியானாலும், அதை எடுக்கும் நம் பிள்ளைகள் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். கதை நன்றாக ஓடும். பாத்திரம் வாய் திறந்ததும் குறிகள் குழம்பிவிடும்.

“த பஸ் இஸ் லேட்.” ஷீ செட்.

இப்படி முற்றுப்புள்ளி வைத்து, ‘ஷீ’யைப் பெரிய எழுத்தில் தொடங்குகிறார்கள். இரண்டும் தவறு. சிவப்பு வட்டம் போடும் ஆசிரியர் இதைக் கவனக்குறைவு என்பார். எனக்கு இது தமிழ்ப் பழக்கமாகப் படுகிறது. பேச்சு எங்கே முடிந்தது என்பதை நமக்கு ‘என்று’, ‘என்றாள்’ காட்டிவிடும். உள்ளே எந்தப் புள்ளி இருந்தாலும் குழப்பமில்லை. ஓலைச்சுவடிகளில் மேற்கோள் குறியே கிடையாது! ஆங்கிலத்தில் அப்படியொரு சொல் இல்லாததால், அந்த வேலை முழுவதும் குறிகளின் தலையில் விழுகிறது.

பேச்சும் ‘ஷீ செட்’டும் சேர்ந்தே அங்கே ஒரு வாக்கியம். பாதியில் முற்றுப்புள்ளி வைக்க முடியாது:

“த பஸ் இஸ் லேட்,” ஷீ செட்.

காற்புள்ளி மேற்கோளுக்குள்; ‘ஷீ’ சிறிய எழுத்தில். பேச்சு கேள்வியானால் காற்புள்ளிக்குப் பதில் வினாக்குறி. அப்போதும் ‘ஷீ’ சிறிய எழுத்துத்தான். கேள்வி முடிந்தாலும் வாக்கியம் முடியவில்லை. ‘ஷீ செட்’ முன்னால் வந்தால் அதையடுத்துக் காற்புள்ளி, பிறகு மேற்கோள், பேச்சின் முதல் எழுத்து பெரியது.

இதைக் கற்ற கெட்டிக்காரப் பிள்ளைகள் அடுத்து எல்லா இடத்திலும் காற்புள்ளி போடத் தொடங்குவார்கள். ஆனால் இதைப் பாருங்கள்:

“த பஸ் இஸ் லேட்.” ஷீ ஃபோல்டட் ஹெர் அம்ப்ரெல்லா.

இங்கே முற்றுப்புள்ளிதான் சரி. குடையை மடக்குவது பேசுவதாகாது. அது தனிச் செயல், தனி வாக்கியம். புன்னகைப்பதும் தலையாட்டுவதும் அப்படியே.

நம் பிள்ளைகளுக்கு இது புதிதும் அல்ல. மலாய்ப் பாடத்தில் ‘சாக்காப் ஆஜுக்’ (நேர்கூற்று) படிக்கும்போது, “சாயா லாப்பார்,” காத்தா அலி என்று இதே முறையில்தான் எழுதுகிறார்கள். மலாயில் சரியாக எழுதும் கை ஆங்கிலத்தில் தடுமாறுவானேன்? இரண்டையும் சேர்த்துக் காட்ட ஆளில்லை, அவ்வளவுதான்.

ஒற்றை மேற்கோளா, இரட்டையா என்ற சண்டை வேண்டாம். பிரிட்டிஷ் நாவல்களில் ஒற்றையே அதிகம். நம் ஆங்கில நாளிதழ்களில் இரட்டை. ஒன்றைப் பிடித்தால் கடைசிவரை அதையே பிடிக்க வேண்டும். பேசுபவர் மாறினால் புதிய பத்தி.

ஆசிரியர்களே, அடுத்த முறை வட்டம் போட்டதும் ஓரத்தில் ஒரு கேள்வியும் எழுதுங்கள்: “இது அதே வாக்கியமா, அடுத்த வாக்கியமா?” திருத்தத்தைப் பிள்ளையே செய்யட்டும்.