கரிசல் பிள்ளைக்கு எதுக்கு வெள்ளைப் பொடி?



கொஞ்சம் நீளமான பதிவு. ஆவணி பிறந்தால் நம்ம பக்கம் கல்யாணம் வரிசை கட்டிவிடும். அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். பெண்ணைப் பெற்றவர்கள் கடைசிவரை வாசியுங்கள்.

இப்போது கல்யாணப் பெண்ணுக்கு ‘மினரல் மேக்கப்’ என்று ஒரு பொடி போடுகிறார்கள். பார்லரில் கேட்டால், “இதுல கெமிக்கலே கிடையாது டீச்சர், எல்லாம் இயற்கை” என்கிறார்கள். போன வருசம் மட்டும் நாலு கல்யாணத்தில் பார்த்தேன். நாலு பெண்ணும் நம்ம ஊர்க் கறுப்பு. நாலு பேரும் மேடையில் சாம்பல் பூத்துப் போய் நிற்கிறார்கள். முகம் ஒரு ஊர், கழுத்து ஒரு ஊர், கை வேறொரு ஊர். ஒன்றாம் வகுப்பில் கைபிடித்து ‘அ’ எழுதப் பழக்கிய பிள்ளையை எனக்கே அடையாளம் தெரியவில்லை என்றால் அதற்குப் பெயர் அலங்காரமா?

பொடி பூசுவது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. நானும் முப்பத்தைந்து வருசம் பவுடர் போட்டுத்தான் பள்ளிக்கூடம் போனேன். பூசுங்கள், உங்கள் நிறத்துக்குப் பூசுங்கள். ‘மினரல்’ என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் கேள்வி கேட்பதை நிறுத்திவிடாதீர்கள். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

முதலில் அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது? மினரல் என்றால் கனிமம். பெரும்பாலான மினரல் பவுடரில் நாலு சரக்குதான். மைக்கா, அதாவது காக்காப்பொன், மினுமினுப்புக்கு. டைட்டானியம் டை ஆக்சைடும் துத்தநாக ஆக்சைடும். வெள்ளைக்கும், வெயிலைக் கொஞ்சம் தடுக்கவும். இரும்பு ஆக்சைடு, சிவப்பு, மஞ்சள், கறுப்பு நிறத்துக்கு. கெமிக்கல் இல்லை என்கிறவர்கள் இந்தப் பெயர்களை ஒரு தடவை உரக்கச் சொல்லிப் பார்க்கட்டும். முகத்துக்குப் போடும் இரும்பு ஆக்சைடைப் பெரும்பாலும் தொழிற்சாலையில்தான் தயாரிக்கிறார்கள். மண்ணிலிருந்து அப்படியே எடுத்தால் ஈயமும் ஆர்சனிக்கும் கலந்து வரும் என்பதால். அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதை ‘இயற்கை’ என்று விற்பது பொய்.

என்னிடம் படித்தவர்களுக்கு மண் வகைகள் பாடம் ஞாபகம் இருக்கும். கரிசல் மண் ஏன் கறுப்பு? டைட்டானியமும் இரும்பும் கலந்த தாது அதில் இருப்பதால் என்று மனப்பாடமாகச் சொல்வீர்கள். அதே டைட்டானியம், அதே இரும்பு. நாகலாபுரத்துக் காட்டில் பருத்தியும் உளுந்தும் மிளகாயும் விளைய வைக்கிற மண்ணில் இருப்பதுதான் அந்த டப்பாவிலும் இருக்கிறது. டைட்டானியம் அதிகம் கிடைக்கும் தாதுவுக்கு இல்மனைட் என்று பெயர். நம்ம கடற்கரையில் கறுப்பு மணலாகக் கிடக்கும். கறுப்பு மணலை ஆலையில் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்தால் பளீரென்று வெள்ளைப் பொடி வரும். சுவருக்கு அடிக்கும் பெயிண்ட், பேப்பர், மாத்திரையின் மேல்பூச்சு, முகப் பவுடர் எல்லாவற்றிலும் வெள்ளை கொடுப்பது அதுதான்.

அந்த மணலின் கதை நமக்குத் தெரியாததும் இல்லை. நம்ம விளாத்திகுளம் வட்டத்திலேயே இருக்கிறது வைப்பார். 2013 ஆகஸ்டில், அப்போதைய தூத்துக்குடி ஆட்சியர் ஆஷிஷ்குமார் உத்தரவின் பேரில் அங்கே தாது மணல் சோதனை நடந்தது. உடனே அவருக்கு மாறுதல் வந்தது. அப்புறம் ககன்தீப் சிங் பேடி தலைமையில் குழு, தாது மணல் அள்ளத் தடை, வழக்கு. 2025 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. பூமிக்குள்ளிருந்து வருகிற எதையும் “இயற்கைதானே” என்று கண்ணை மூடி வாங்க முடியாது என்பதற்கு, பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற தூரத்தில் சாட்சி இருக்கிறது.

இனி நிறத்துக்கு வருகிறேன். நம்ம ஊரில் வெளுப்பாக இருந்தால் “செவப்பு” என்போம். “பொண்ணு நிறமா இருக்குமா?” என்று கேட்போம். கறுப்பு நிறமே இல்லையா? ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை என்னிடம், “டீச்சர், நான் எப்ப நிறமாவேன்?” என்று கேட்டது. அந்தப் பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடம் இல்லை. வீட்டில் இருக்கிற பெரியம்மா, அத்தை, மதினி எல்லோரும் சேர்ந்துதான். ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் வந்தது. 2020-ல் அதன் பெயரில் இருந்த ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது. கம்பெனியே அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளக் கூச்சப்பட்டுவிட்டது. நம்ம வீட்டுப் பெண் பார்க்கும் படலத்தில் இன்னும் கூச்சம் வரவில்லை.

தோலைக் கறுப்பாக்குவது மெலனின். வெயிலின் புற ஊதாக் கதிர் உள்ளே போகாமல் தடுக்கிற இயற்கைக் குடை அது. பங்குனி, சித்திரையில் மிளகாய்ப் பழம் காயப்போடுகிற களத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் குடையின் அருமை தெரியும். “கறுப்பே அழகு, காந்தலே ருசி” என்று சொன்னவர்கள் நம்ம பாட்டிமார்தான். நாம் சோற்றுப் பானைக் காந்தலை மட்டும் சுரண்டித் தின்றுவிட்டு, முன்பாதியை மறந்துவிட்டோம்.

சரி, எப்படித்தான் பூசுவது? “குறை மட்டும் சொல்றீங்க” என்பீர்கள். என் மாணவி ஒருத்தி வெளியூரில் பார்லர் வைத்திருக்கிறாள். நல்ல தொழில்காரி. அவளிடம் கேட்டுப் பழகியதைச் சொல்கிறேன்.

1. நிறத்தை உள்ளங்கையிலோ மணிக்கட்டிலோ வைத்துப் பார்க்காதீர்கள். தாடை ஓரத்தில், கழுத்தை ஒட்டித் தடவி, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பொடி எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் இருந்தால் அதுதான் உங்கள் பொடி. டியூப்லைட் வெளிச்சத்தை நம்பாதீர்கள்.

2. முகம் கழுவி, ஈரப்பதத்துக்குப் போடும் கிரீம் தடவினால் அது நன்றாக உள்ளே இறங்கும்வரை ஐந்து பத்து நிமிசம் பொறுங்கள். ஈரத்தின்மேல் பொடி விழுந்தால் திட்டுத் திட்டாக நிற்கும்.

3. மூடியில் ஒரு சிட்டிகை கொட்டுங்கள். பிரஷ்ஷை அதில் சுழற்றி, விளிம்பில் தட்டி, மிச்சத்தை உதிர்த்துவிட்டுக் கன்னத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். மெல்லிசாக ஒரு பூச்சு. போதவில்லை என்றால் இன்னொன்று. கோலப்பொடி மாதிரி அள்ளாதீர்கள்.

4. ஃபேனை நிறுத்துங்கள், வாயை மூடிக்கொள்ளுங்கள். உதிரிப் பொடி காற்றில் பறந்து நுரையீரலுக்குள் போகும். இளைப்பு உள்ளவர்கள் இந்த வகைப் பொடியையே தவிர்ப்பது நல்லது. பச்சைக் குழந்தைக்கு எந்தப் பவுடரும் வேண்டாம். டால்க் என்கிற கல்மாவைப் புற்றுநோய் வரவைக்கக்கூடியதாக இருக்க வாய்ப்பு அதிகம் என்ற பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024-ல் சேர்த்திருக்கிறது.

5. மேடைக்குப் போகும் முன் பிளாஷ் போட்டு ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள். டைட்டானியமும் துத்தநாகமும் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும். கண்ணாடியில் சரியாகத் தெரிகிற முகம் ஆல்பத்தில் சுண்ணாம்பு அடித்த சுவராக வரும்.

6. டப்பாவின் பின்பக்கம் வாசியுங்கள். 77891 என்றால் டைட்டானியம் டை ஆக்சைடு. 77019 மைக்கா. 77491 சிவப்பு, 77492 மஞ்சள், 77499 கறுப்பு இரும்பு ஆக்சைடு. நம்ம நிறத்துக்கு இரும்பு கூடுதலாகவும் டைட்டானியம் குறைவாகவும் இருக்கிற பொடி வேண்டும். அப்படிப்பட்ட ஷேடு பார்லரில் இல்லை என்றால் தப்பு உங்கள் முகத்தில் இல்லை, அவர்களுடைய பெட்டியில்.

அடுத்தது பயமுறுத்தும் விஷயம். பாதரசமும் மண்ணுக்குள்ளிருந்து வருவதுதான், அதுவும் மினரல்தான். மெலனின் உண்டாவதை அது தடுக்கும். அதனால்தான் பேர் தெரியாத சிவப்பழகு கிரீம்களில் திருட்டுத்தனமாகக் கலக்கிறார்கள். தோல் வழியாக ரத்தத்தில் இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில், சிறுநீரில் புரதம் போய்க் கால் வீங்கி வந்த நோயாளிகள் பலர் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்கள் என்று டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். 2023-ல் அது பெரிய செய்தியானது. கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்னாலிருந்தே “கலர் ஏறும்” என்று லேபிள் இல்லாத டப்பாவைக் கொடுக்கிறார்கள். ஒரே வாரத்தில் முகம் வெளுத்தால் சந்தோசப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். சிறுநீர் நுரைத்தாலோ கால் வீங்கினாலோ அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

கடைசியாக மினுமினுப்பு. நம்ம நாட்டு மைக்கா ஜார்க்கண்டில் கோடர்மா, கிரிடி, பீகாரில் நவாடா பக்கம் கிடைக்கிறது. அனுமதி இல்லாத குழிகளில் சின்னப் பிள்ளைகள் இறங்கிக் காக்காப்பொன் பொறுக்குகிறார்கள். 2016-ல் ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் விசாரித்தபோது இரண்டே மாதத்தில் ஏழு பிள்ளைகள் குழிகளில் செத்திருந்தது தெரிய வந்தது.

இதை மற்ற ஊர்க்காரர்கள் வாசித்துவிட்டுக் கடந்துபோகலாம். கோவில்பட்டி, சாத்தூர் சுற்று வட்டாரத்துக்காரர்கள் கடந்துபோகக் கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இருட்டு விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி ஊருக்குள் வரும். தூங்குகிற பிள்ளையைத் தூக்கி ஏற்றி அனுப்புவார்கள். வருகைப் பதிவேட்டில் பெண் பிள்ளைகள் பெயருக்கு நேராக வரிசையாக ‘வ’வுக்குப் பதில் புள்ளிதான் இருக்கும். வீடு வீடாகப் போய்க் கெஞ்சியிருக்கிறோம். 1996-ல் சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகும் அது ஒரே நாளில் நிற்கவில்லை. அப்படி மீண்டு படித்த பிள்ளைகளின் மகள்களுக்குத்தான் இன்று கல்யாணம் நடக்கிறது. அந்த மகளின் கன்னத்தில் மினுங்குவது இன்னொரு பிள்ளையின் பள்ளிக்கூடமாக இருக்க வேண்டுமா? “இந்த மைக்கா எங்கிருந்து வருது?” என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியாது. ஆனாலும் பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் தேடி வைப்பார்.

“ஒரு நாள் கூத்துதானே டீச்சர்” என்கிறார்கள். அந்த ஒரு நாள் போட்டோதான் நாற்பது வருசம் வீட்டுச் சுவரில் தொங்கும். நாளைக்கு அந்தப் பெண்ணின் மகள் பார்த்து, “இது யாரும்மா?” என்று கேட்கும். “பொண்ணுதான் ஆசைப்பட்டாள்” என்கிறார்கள். ஆறு வயசிலிருந்து கறுப்பி, கறுப்பி என்று கூப்பிட்டு வளர்த்துவிட்டு, இருபத்தைந்து வயசில் அவள் ஆசையைக் காட்டி நீங்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. “மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள்?” என்கிறார்கள். பெண் பார்க்க வந்தபோது அவர்களுக்குக் கண் தெரியாமலா இருந்தது?

மருமகன்மாரும் மாணவத் தம்பிகளும் தப்பிக்க வேண்டாம். வரன் கேட்கிறபோது ‘நிறமான பெண்’ என்று எழுதுகிற கை உங்களுடையதுதான். அதை அடியுங்கள், பாதிப் பொடி தானாக உதிர்ந்துவிடும்.

பார்லர் வைத்திருக்கும் என் பிள்ளைகளே, உங்கள் பிழைப்பில் நான் மண் போடவில்லை. பெட்டியில் கறுப்புக்கு ரெண்டு ஷேடு, மாநிறத்துக்கு ரெண்டு ஷேடு கூட வாங்கி வையுங்கள். “வெள்ளையாக்கு” என்று அம்மாமார் கேட்டால், “பொண்ணு மாதிரியே ஆக்குறேன்” என்று சொல்லுங்கள். அடுத்த கல்யாணத்துக்கு உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். திட்டுவதானாலும் எழுத்துப் பிழை இல்லாமல் திட்டுங்கள், திருத்தித் தருவேன்.

உங்கள் டீச்சர்,
நாகலாபுரம்.