குழந்தைக்கு ஆபரேஷனா? பெற்றோர் கலங்க வேண்டாம்

பம்மல், அனகாபுத்தூர், பொழிச்சலூர் பகுதி மக்களுக்குக் குழந்தைகளின் ரண சிகிச்சை இன்று எட்டாத வசதியல்ல. கண் சம்பந்தமான சிகிச்சைக்குப் பம்மலிலேயே சங்கரா கண் மருத்துவமனை இருக்கிறது. குரோம்பேட்டையில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூரில் இறங்கி, குழந்தைகளுக்கென்றே உள்ள அரசு மருத்துவமனைக்குப் போய்விடலாம். ஆஸ்பத்திரி பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் "ஆபரேஷன் செய்ய வேண்டும்" என்று டாக்டர் சொன்னவுடன் வீட்டில் எழும் பீதி மட்டும் அப்படியே இருக்கிறது.

பெற்ற மனம் பதறுவது இயற்கை. அதைக் குறை சொல்ல எவராலும் முடியாது. ஆனால் அந்தப் பதற்றத்தில் பெற்றோர் மூன்று பேரிடம் உண்மையை மறைக்கிறார்கள்: குழந்தையிடம், டாக்டரிடம், தங்களிடமே. தொல்லைகளில் பாதி இந்த மறைப்பிலிருந்தே முளைக்கின்றன.

தாயின் மேல் பழி வேண்டாம்

முதலில் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ள வேண்டிய உண்மை. உதடு பிளந்து ஒரு குழந்தை பிறந்துவிட்டால், "கிரகணத்தன்று கத்தியைத் தொட்டாயா?" என்று தாயைக் கேட்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. கருவில் முகம் உருவாகும் முதல் சில வாரங்களிலேயே ஏற்படும் குறை அது. கிரகணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சில மாதக் குழந்தையாக இருக்கும்போதே உதட்டைச் சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். ஆகவே குற்றவாளியைத் தேடுவதில் கழிக்கும் நாட்கள் வீண்.

"பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற ஒத்திப்போடுதலும் இதே ரகம். தொப்புள் பிதுக்கம் பல குழந்தைகளுக்கு வயது ஏற ஏறத் தானே மறையும். அதைக் கண்டவர்கள், தொடை இடுக்கில் வரும் குடலிறக்கமும் அப்படியே மறையும் என்று நாணயத்தை வைத்துக் கட்டிக் காத்திருக்கிறார்கள். அது தானே மறைவதில்லை. குடல் அங்கே சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று சொல்ல வேண்டியவர் டாக்டர், அக்கம்பக்கத்தார் அல்ல.

பொய் சொல்லி அழைத்துப் போகாதீர்கள்

"பீச்சுக்குப் போகலாம் வா" என்று அழைத்துப் போய் ஆஸ்பத்திரி கட்டிலில் படுக்க வைப்பது பல வீடுகளில் நடக்கும் தந்திரம். குழந்தை அன்று ஏமாறும். மறுநாள் முதல், "கசக்காது, குடி" என்று தாய் சொல்வதையும் நம்பாது. வேண்டியபோது உதவ வேண்டிய நம்பிக்கையை முன்கூட்டியே செலவழித்துவிடுவது புத்திசாலித்தனமா?

பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் ஒரு வாரம் முன்பே சொல்லலாம். மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு இரண்டொரு நாள் முன்பு சொன்னால் போதும். "அறுப்பார்கள், வெட்டுவார்கள்" என்ற சொற்கள் வேண்டாம். "உன் வயிற்றில் இருக்கும் வீக்கத்தை டாக்டர் சரி செய்யப் போகிறார். மருந்து கொடுத்துத் தூங்க வைப்பார். அப்போது வலி தெரியாது. முடிந்ததும் எழுப்புவார். பிறகு கொஞ்சம் வலிக்கும். அதற்கும் மருந்து உண்டு. அம்மா பக்கத்தில் இருப்பேன்" என்று சொன்னால் குழந்தைக்குப் புரியும். இது இரவில் தூங்கும் தூக்கமல்ல, மருந்தால் வரும் தூக்கம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் சில குழந்தைகள் வீட்டிலும் தூங்கப் பயப்படும்.

"சேட்டை செய்தால் ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுவது நல்லது. சின்னக் குழந்தைகள் பல, ஆபரேஷனைத் தாங்கள் செய்த தப்புக்குத் தண்டனை என்றே எண்ணிக்கொள்கின்றன. "நீ எந்தத் தப்பும் செய்யவில்லை" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும்.

ஒரு பிஸ்கட்டின் ஆபத்து

அடுத்தது டாக்டரிடம் சொல்ல வேண்டிய உண்மை. ஆபரேஷனுக்கு முன் குழந்தையைப் பட்டினி போடச் சொல்வது கொடுமையல்ல. மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கு ஆபத்து. பொதுவாகத் திட உணவையும் பசும்பாலையும் 6 மணி நேரம் முன்பும், தாய்ப்பாலை 4 மணி நேரம் முன்பும், வெறும் தண்ணீரை 2 மணி நேரம் முன்பும் நிறுத்துவார்கள். அந்தந்த மருத்துவமனை சொல்லும் நேரமே கணக்கு. பசியில் அழும் பேரனைப் பார்த்து மனம் இளகி, பாட்டி ரகசியமாக ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டால், அதை மறைக்காமல் உடனே சொல்லிவிட வேண்டும். ஆபரேஷன் சில மணி நேரமோ ஒரு நாளோ தள்ளிப் போகலாம், போகட்டும். மறைத்தால் வரும் விபரீதத்தைத் திருப்பிப் பெற முடியாது.

சளி, காய்ச்சல், இளைப்பு சமீபத்தில் வந்ததா? ஒவ்வாத மருந்து உண்டா? சிறு காயத்திலும் ரத்தம் நிற்காமல் வருமா? குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் தொல்லை ஏற்பட்டதா? நாட்டு மருந்து ஏதேனும் கொடுத்தீர்களா? எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஆடுகிற பால்பல் ஒன்று இருந்தால் அதையும் சொல்வது அவசியம். மயக்கத்தில் அது கழன்று மூச்சுக்குழாயில் விழக்கூடும். கொலுசு, தாயத்து, வெள்ளி அரைஞாண் ஆகியவற்றை வீட்டிலேயே கழற்றிவிடலாம். குழந்தை வீடு திரும்பியதும் மறுபடி அணிவித்துக்கொண்டால் போயிற்று.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்டதும், "உயிருக்குப் பொறுப்பில்லை என்று எழுதி வாங்குகிறார்களே!" என்று பலர் நடுங்குகிறார்கள். என்ன செய்யப் போகிறார்கள், ஏன் செய்கிறார்கள், அதில் என்ன அபாயம், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பெற்றோர் அறிந்து சம்மதித்ததற்கு அத்தாட்சி அது. ஆகவே தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்திட வேண்டும். கேள்விகளை ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டுபோவது நல்லது. பதற்றத்தில் பாதி மறந்து போகும்.

பக்கத்தில் இருப்பதும் மருந்தே

பெற்றோர் அருகில் இருப்பதை மேல்நாட்டார் ஒரு காலத்தில் இடைஞ்சலாகக் கருதினர். பிரிட்டனில் பல மருத்துவமனைகள் வாரத்தில் சில மணி நேரமே குழந்தையைப் பார்க்கவிட்டன. 1952-ல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், தொப்புள் பிதுக்க ஆபரேஷனுக்காக எட்டு நாள் தங்கிய இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம் பிடித்துக் காட்டினார். அழாமல் அடங்கியிருக்கும் குழந்தை பழகிவிட்டது என்று எண்ணியவர்களுக்கு, அந்த அடக்கத்துக்குள் இருக்கும் துயரத்தை அது உணர்த்தியது. 1959-ல் பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் தாராளமாக வந்து பார்க்கவும், சிறு குழந்தையுடன் தாய் தங்கவும் இடம்தர வேண்டும் என்று சிபாரிசு செய்தது. தமிழ்நாட்டில் தாய் உடன் தங்குவது நெடுநாளைய வழக்கம். அந்தச் செல்வத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் அருகில் இருப்பவர் அழுதுகொண்டே இருந்தால் பயன் என்ன? அழுகை வந்தால் வெளியே போய் அழுதுவிட்டு வரலாம்.

மயக்கம் தெளியும்போது குழந்தை அலறலாம், தாயையே தெரியாததுபோல் உதறலாம். அது பெரும்பாலும் சற்று நேரத்தில் தணிந்துவிடும். வீடு திரும்பிய பின் சில நாட்கள் படுக்கையில் சிறுநீர் போவதும், இரவில் திடுக்கிட்டு எழுவதும் உண்டு. அடிக்காமல் அணைத்தாலே சரியாகும். வலி மருந்தை அழுகை உச்சத்துக்குப் போகும்வரை நிறுத்தி வைக்காமல், சொன்ன நேரத்தில் சொன்ன அளவு தர வேண்டும். "பருப்பு சாப்பிட்டால் சீழ் பிடிக்கும்" என்று பத்தியம் வைப்பது தவறு. புண் ஆறப் பருப்பும் முட்டையும் துணை செய்யும். ஆறு, ஏழு நாள் கழித்துக்கூட டான்சில் ஆபரேஷன் ஆன குழந்தையின் வாயில் ரத்தம் கண்டால் அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். காய்ச்சல், ஓயாத வாந்தி, புண்ணில் சீழ் இவற்றையும் அலட்சியம் செய்யலாகாது.

ஊரின் கடமை

தினக்கூலிக் குடும்பத்துக்குச் சிகிச்சைச் செலவைப்போலவே, வேலைக்குப் போகாத நாட்களும் சுமைதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழ் ஆகியவற்றுடன் அந்த அட்டையை நோய் வருமுன்பே எடுத்து வைப்பது விவேகம். மற்ற பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி ஒரு வேளை சோறு போடும் பக்கத்து வீட்டாரின் உதவிக்கு எந்தத் திட்டமும் ஈடாகாது.

மருத்துவமனைகளும் ஒன்று செய்யலாம். பட்டினி நேரத்தையும், கவனிக்க வேண்டிய அபாயக் குறிகளையும் எளிய தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கொடுக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஒரு நர்ஸ் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து சொல்லலாம். குழந்தைக்கு மயக்கம் வரும்வரை முடிந்த இடங்களில் தாயையோ தந்தையையோ உடன் இருக்க விடலாம். இதற்கெல்லாம் பெரும் பணம் தேவையில்லை.

கத்தியைப் பிடிக்கும் வேலை டாக்டருடையது. குழந்தையின் கையைப் பிடிக்கும் வேலை பெற்றோருடையது. உண்மை பேசிய கையாக அது இருந்தால், குழந்தை அதை நம்பிப் பற்றிக்கொள்ளும்.