மண்மேட்டின் நீர் மேட்டிலேயே நிற்கட்டும்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் தோண்டும் பணி 1957-ம் ஆண்டு தொடங்கியது. அங்கு ஒரு டன் நிலக்கரி எடுக்க ஐந்தாறு கன மீட்டர் மேல் மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது. அவ்வாறு அகற்றிக் கொட்டிய மண்தான் இன்று அங்கே குன்றுகளாக நிற்கிறது. திருப்பூர் வட்டார விவசாயிக்கு நெய்வேலியுடன் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பல்லடம், காங்கயம் பக்கத்துக் கல்குவாரிகளின் ஓரத்தில் கிடக்கும் மண்மேடுகளை ஐப்பசி மழையில் ஒரு முறை பார்த்தவர் அப்படிக் கேட்கமாட்டார்.

தோண்டிக் கொட்டிய மண்ணுக்கு வயல் மண்ணின் கட்டுக்கோப்பு கிடையாது. அதில் வேர் இல்லை, மக்கு இல்லை, மண்புழு இல்லை. மழைத்துளி விழுந்ததும் பொடிமண் கரைந்து மேற்பரப்பில் ஏடு போலப் படிகிறது. பிறகு விழும் நீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடுகிறது. சரிவில் இறங்க இறங்க அதன் வேகம் கூடுகிறது. வேகம் இரு மடங்கானால் அரிக்கும் சக்தி நான்கு மடங்காகும். சுமந்து செல்லும் மண்ணின் அளவோ 32 மடங்காகும். காலையில் விரல் அகலத்தில் இருந்த கீறல் ஒரே மழையில் ஆள் இறங்கும் பள்ளமாவது இதனால்தான்.

நெய்வேலியில் இந்த மண் பரவனாற்றின் வழியே கீழ்நிலங்களுக்குப் போயிற்று. சுரங்கத்திலிருந்து இறைக்கும் நீர் அப்பகுதி ஏரிகளுக்கும் பாசனத்துக்கும் பயன்படுவது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே பக்கத்திலிருந்து வந்த வண்டலால் வாலாஜா ஏரி பல ஆண்டுகள் தூர்ந்து கிடந்தது. 2010-க்குப் பிறகுதான் சுரங்க நிறுவனத்தின் செலவில் அது தூர் வாரப்பட்டது. பெருமாள் ஏரியின் கொள்ளளவும் வண்டலால் குறைந்தது. இடைப்பட்ட காலத்தில் கடைமடை விவசாயி இழந்த போகங்களுக்கு யாரிடம் கணக்கு இருக்கிறது?

தூர் வாருவதில் நமக்குள்ள உற்சாகம் தூர் விழாமல் தடுப்பதில் இல்லை. பூசை போட்டு இயந்திரத்தை இறக்கினால் ஊரே பார்க்க வருகிறது. மேட்டின் அடியில் கல் அடுக்கினால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

நம் பகுதியில் பெய்வது நெய்வேலி மழையில் ஏறக்குறையப் பாதிதான். அதனால் அரிப்பு இராது என்று எண்ணுவது சரியன்று. நமக்குக் கிடைக்கும் மழையில் பெரும் பங்கு சில நாள்களிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்பது 40,000 லிட்டர் நீர். 5 சென்டிமீட்டர் பெய்து அதில் பாதி வழிந்தால், ஓர் ஏக்கர் மண்மேட்டிலிருந்து மட்டும் ஒரு லட்சம் லிட்டர் சேற்று நீர் இறங்குகிறது. அது இட்டேரி வழியாகப் பக்கத்துத் தோட்டத்துக்கோ கிணற்றுக்கோ ஊர்க் குட்டைக்கோதான் போக வேண்டும். ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மண் போனாலே அது ஐந்து டன்னுக்கு மேல். பனியன் கம்பெனிக்கும் வீட்டு மனைக்கும் காட்டைச் சமன் செய்து வெறுமனே போட்டு வைக்கும் இடங்களிலும் கதை இதுதான். அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டு, 1,045 குளம் குட்டைகளுக்கு நீர் தர வழி பிறந்திருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்து பெற்ற நீருக்கு உரிய இடத்தைச் சேற்றுக்குக் கொடுத்துவிடலாமா?

என் கருத்து இதுதான்: மண்ணைக் கொட்டுபவரே தம் எல்லைக்குள் அதன் நீரையும் வண்டலையும் நிறுத்த வேண்டும். மேட்டை ஒரே சரிவாக விடாமல், ஐந்தாறு மீட்டர் உயரத்துக்கு ஒரு படியாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு படியும் உட்புறம் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். அடிவாரத்தில் கல் அடுக்கும் அதைச் சுற்றி ஒரு வாய்க்காலும் தேவை. அந்த வாய்க்கால் வண்டல் படியும் குட்டையில் போய் முடிய வேண்டும். குட்டையை ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் காலி செய்யாவிட்டால் அது இருந்தும் பயனில்லை. வளமான மேல் மண்ணை முதலிலேயே தனியே குவித்து வைத்துக் கடைசியில் மேட்டின் மேல் பரப்ப வேண்டும். அதை லோடு கணக்கில் விற்றுவிட்டால் அந்த மேட்டில் எதுவும் பிடிக்காது.

மரம் நட்டுவிட்டோம் என்பார்கள். மண்மேட்டுக்கு முதல் தேவை மரமன்று, புல். உயர்ந்த மரத்தின் இலையிலிருந்து சொட்டும் துளி பெரிது. அடியில் தரை வெறுமையாக இருந்தால் அதுவும் அரிக்கும். புல்லும் சருகும் தரையை மூடிய பிறகே மரத்தால் முழுப் பலன் உண்டு. இதை யாரும் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. காங்கயம் மாடு மேயும் கொரங்காட்டைப் பாருங்கள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். மழை நீர் அங்கே ஓடுவதில்லை, ஊர்கிறது.

2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். சுற்று வாய்க்கால், வண்டல் குட்டை பற்றிய நிபந்தனைகள் அவற்றில் வழக்கமாக இடம்பெறுகின்றன. அனுமதியின் நகல் ஊராட்சிக்கும் வர வேண்டும். அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் "குவாரியால் தொல்லை" என்று பொதுவாக மனு எழுதினால் பதிலும் பொதுவாகவே வரும். "இந்த நிபந்தனைப்படி குட்டை எங்கே?" என்று எழுதுங்கள். மழை நாளில் எடுத்த படத்தைத் தேதியுடன் இணைத்துக் கொடுங்கள். பத்துப் பேர் சேர்ந்து போவது நல்லது.

அதுவரை நம் நிலத்தை விட்டுவிட முடியாது. சேற்று நீர் நுழையும் பக்கம், வரப்பை ஒட்டி அரை அடிக்கு ஒரு தூராக வெட்டிவேரை இரு வரிசை நடலாம். வரிசைக்கு முன்னால் ஒரு நீள்குழி எடுத்தால் வண்டல் அதில் தங்கும். மண்மேட்டிலிருந்து வரும் வண்டலைச் சோதிக்காமல் வயலில் பரப்ப வேண்டாம். வரப்பின் மேல் கொழுக்கட்டைப் புல் விதைக்க ஏற்ற காலம் மழைக்குச் சற்று முன். பரந்த இடமானால் ஏக்கருக்கு மூன்று கிலோ விதை போதும். புதிதாக உருவிய விதை சரியாக முளைக்காது. ஆறு மாதமாவது பழகிய விதையாகக் கேட்டு வாங்குங்கள்.