குழாய் நீரும் குளோரினும்

அண்மையில் நம் பள்ளியின் மீன் தொட்டியில் புதிய குழாய் நீர் ஊற்றப்பட்டது. மறுநாள் காலை மீன்கள் மடிந்து மிதந்தன. அதனைக் கண்ட நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி, "ஐயா, மீனைக் கொன்ற நீர் நம்மையும் கொல்லாதா?" என்று வினவினாள். நல்ல வினா. பெற்றோர் சிலரும் இதே அச்சத்தால் குழாய் நீரை ஒதுக்கி, ஓடை நீரையும் மூடாத கிணற்று நீரையும் நாடுவதை நாம் அறிவோம். ஆகவே, அவ்வினாவிற்கு இம்மலரில் விடை கூற விழைகின்றோம்.

மீன் செவுள்களால் சுவாசிக்கிறது. நீரிலுள்ள குளோரின் அம்மென்மையான செவுள்களை நேரே தாக்குகிறது. நாம் பருகும்போதோ, அது உமிழ்நீரிலும் உணவிலும் கலந்து விரைவில் தன் ஆற்றலை இழந்துவிடுகிறது. லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ள வழிகாட்டி அளவு. குழாய் நீரில் பொதுவாக அதனினும் மிகக் குறைவாகவே இருக்கும்.

குளோரின் வருமுன் நிலைமை என்ன? 1854இல் இலண்டனில் காலரா பரவியபோது, ஒரு தெருவின் நீர்க்குழாயே நோயைப் பரப்பியதென ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் காட்டினார். 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் தன் குடிநீரில் தொடர்ந்து குளோரின் கலக்கத் தொடங்கியது. பிற நகரங்களும் அவ்வழியைப் பின்பற்றின. குடற்காய்ச்சலால் மாண்டோர் தொகை குறைந்தது. 1991இல் பெரு நாட்டில் காலரா மூண்டு இலட்சக்கணக்கானோரைத் தாக்கியது. முறையாகத் தூய்மை செய்யப்படாத நீர் அதற்கு ஒரு பெருங்காரணம்.

எனினும், அச்சம் முற்றிலும் வீணன்று. 1974இல் நெதர்லாந்தின் ரூக் என்னும் வேதியியலாளர், ஆற்று நீரில் மக்கிய இலை தழைகளோடு குளோரின் சேரும்போது குளோரோபார்ம் முதலிய பொருள்கள் உண்டாவதைக் கண்டறிந்தார். அவை மிகுந்த நீரை நெடுங்காலம் பருகுவதற்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்பிருக்கலாம் எனச் சில ஆய்வுகள் ஐயுறுகின்றன. ஆனால், நாளைய ஐயத்திற்கு அஞ்சி இன்றைய காலராவை வரவேற்பது அறிவுடைமை ஆகாது.

அப்படியாயின் வழி யாது? ஆறு எவ்வளவு தூய்மையோ, அவ்வளவு குறைந்த குளோரின் போதும். அத்தீய பொருள்களும் குறையும். குற்றம் மருந்தினிடத்து மட்டுமன்று. நீரை அழுக்காக்கிய நம்மிடத்தும் உண்டு. 2020 செப்டம்பரில் சிலாங்கூரில் ஆற்றில் கலந்த கழிவால் நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. பல இலட்சம் இல்லங்கள் நீரின்றித் தவித்தன. குளோரின் கிருமியைக் கொல்லும். ஆலைக் கழிவையும் களைக்கொல்லியையும் அகற்றாது.

எனவே, தோட்டத் தொழிலாளத் தோழர்களே! மருந்து தெளிக்கும் பம்பை ஓடையில் கழுவாதீர். சலவைக் குளோரினைக் கால்வாயில் கொட்டாதீர். கழிவறை கழுவும் அமிலத்தோடு அதனைக் கலக்கவே வேண்டா, எழும் நச்சுப்புகை உயிரைக் குடிக்கும். தாய்மார்களே! குழாய் நீரைக் கொதிக்க வைத்து, ஆற்றி, மூடிய பாத்திரத்தில் வையுங்கள். குளோரின் வாடையும் அகலும், கிருமியும் அண்டாது. ஓடை நீரையும் கிணற்று நீரையும் கொதிக்க வைக்காமல் பிள்ளைகளுக்குக் கொடாதீர்.

மாணவச் செல்வங்களே! மீன் தொட்டிக்குரிய நீரில் குளோரினை நீக்கும் மருந்தைச் சேர்த்த பின்னரே மீனை விடுங்கள். நம் தொட்டியில் இனி அவ்வாறே செய்வோம். வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்ததன் பொருளை எண்ணிப் பாருங்கள். வானம் தூய நீரைத் தருகிறது. அதனைத் தூய்மையாகவே ஆற்றில் ஓடவிடுவது நம் கடமையாகும்.