ஓய்வு என்ற பெயரில் ஒரு கேடு

சேக்காடு, ஆவடிப் பக்கம் கைக்குக் கை மாறிவரும் ‘சிறுநீரக நோயாளிக்கு ஓய்வே மருந்து’ என்ற கையேட்டை எழுதியவர், தன் வாதத்துக்குத் தலையாய சான்றாக ஒரு நோயாளியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். அந்த நோயாளி மூன்று மாதம் கட்டிலைவிட்டு இறங்கவில்லையாம், கிரியாட்டினின் குறைந்துவிட்டதாம், ஆகவே ஓய்வு சிறுநீரகத்தைத் தேற்றுகிறதாம். கிரியாட்டினின் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறையாவது விசாரித்துவிட்டுப் பேனாவைத் தொட்டிருக்க வேண்டாமா? அது தசையின் கழிவு. தசை கரையக் கரைய ரத்தத்தில் அதன் அளவும் குறையும்; அதற்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் இம்மியும் ஏறியிருக்க வேண்டியதில்லை. ஒரு மனிதனின் தொடை சூம்பிப்போனதற்கான சாட்சியத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சிறுநீரகம் பிழைத்ததற்கான சான்றிதழ் என்று ஊருக்குக் காட்டுகிறார் இவர்.

‘நோயாளியின் பலம் ஏற்கெனவே போய்விட்டது, இருப்பதையும் செலவழிக்காதீர்கள்’ என்பது அடுத்த உபதேசம். தசை என்ன பரணில் பூட்டிவைக்கும் பண்டமா, எடுத்தால் தீர்ந்துபோக? ரத்தத்தில் சேரும் அமிலம், ரத்தசோகை, உடலெங்கும் ஓயாத அழற்சி, ஒவ்வொரு டயாலிசிஸிலும் வெளியேறிப்போகும் அமினோ அமிலங்கள் என இத்தனை பக்கமும் தசையை அரிக்கிற நோயில், நோயாளியின் வசம் மிச்சமிருக்கும் அசைவையும் பறிப்பதற்குச் சிகிச்சை என்றா பெயர்? புரதம் குறைத்த உணவில் இருந்த 26 நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் நடந்து, 2001இல் வெளியான ஆய்வில், 12 வாரம் எடைப்பயிற்சி செய்தவர்களின் தசை இழைகள் பருத்தன. இத்தாலியில் 296 டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2017இல் வந்தது. வீட்டிலேயே நடைப்பயிற்சி செய்தவர்கள் ஆறு நிமிடத்தில் கடந்த தூரம் ஆறு மாதத்தில் 328 மீட்டரிலிருந்து 367 மீட்டராக ஏறியது. வழக்கம்போல் இருந்தவர்களோ 321இலிருந்து 324க்கு வந்ததோடு சரி.

நம்மவருக்கும் ஆய்வு தெரியும். டயாலிசிஸ் படுக்கையில் சைக்கிள் மிதித்தும் வாழ்க்கைத் தரம் உயரவில்லை என்று சொன்ன 2021 பிரிட்டிஷ் ஆய்வைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார். அந்த முடிவு உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பங்கேற்ற பலர் விதித்த பயிற்சி அளவை எட்டவேயில்லை என்பதை ஏன் விழுங்கினார்? 917 பேரை ஓராண்டு தொடர்ந்த 2023 ஜெர்மன் ஆய்வு ஏன் அவர் கண்ணில் படவில்லை? ஒரு நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்று அதில் எண்ணினார்கள். டயாலிசிஸ் நேரத்தில் பயிற்சி செய்தவர்கள் 16.2இலிருந்து 19.2க்கு ஏறினார்கள், செய்யாதவர்கள் 14.7க்கு இறங்கினார்கள். ஆக, ‘சும்மா இருந்தால் இருக்கிற பலமாவது நிற்கும்’ என்ற சமாதானமும் பொய்.

முரண்பாட்டுக்கோ பஞ்சமில்லை. ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்யும் வழி) போட்ட கையில் பந்தைப் பிசையச் சொல்கிறது நான்காம் பக்கம். எந்தப் பயிற்சி செய்தாலும் ஃபிஸ்டுலா அடைத்துக்கொள்ளும் என்கிறது ஒன்பதாம் பக்கம். இரண்டையும் ஒரே ஆள்தானா எழுதினார்? அந்தக் கையில் பி.பி. பார்க்கக் கூடாது, டயாலிசிஸுக்குத் தவிர ஊசி குத்தக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, சரி. கால்கள் என்ன பாவம் செய்தன? நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, கட்டுக்கடங்காத பி.பி., ஏறிக்கிடக்கும் பொட்டாசியம் இருந்தால் முதலில் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும், அதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. அந்த எச்சரிக்கையை எல்லா நோயாளிக்கும் ஆயுள் தண்டனையாக நீட்டுவதைத்தான் எதிர்க்கிறோம்.

கால் பலம் என்ன அலங்காரமா? டயாலிசிஸ் நிலையை எட்டாத 385 பேரிடம் செய்து 2013இல் வந்த அமெரிக்க ஆய்வில், நடை வேகம் நொடிக்கு 0.1 மீட்டர் குறையும் ஒவ்வொரு படிக்கும் மரண அபாயம் 26 விழுக்காடு கூடியிருந்தது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நான்கு மணி நேரம் படுத்து எழுந்து, சி.டி.எச். சாலையில் பஸ் பிடித்து சேக்காட்டுக்குத் திரும்புகிறவருக்கு இதைப் புள்ளிவிவரமாகச் சொல்லத் தேவையில்லை. பஸ் படியில் ஏறத் தன் காலே உதவுமா, கழிப்பறைக்குப் போக மகளைக் கூப்பிட வேண்டுமா என்பதுதான் அவருடைய அன்றாடக் கணக்கு.

இத்தனை பிடிவாதம் எதற்கு என்பதற்குப் பின்னட்டையில் பதில் இருக்கிறது: ‘முழு ஓய்வுப் பராமரிப்பு இல்லம்’, அதற்கு மாதக் கட்டணம். எழுந்து நடக்கிறவர் அங்கே எதற்குப் போகப்போகிறார்? தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வயிற்றுவழி டயாலிசிஸ் பைகளும் வீடு தேடி வருகின்றன, இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. காசு கேட்காத இந்த ஏற்பாட்டைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. தன் ஓய்வின் மகிமையில் அவருக்கு உண்மையிலேயே நம்பிக்கை இருந்தால், இல்லத்தில் சேர்ந்த அன்று ஒவ்வொருவரும் ஒரு நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்தார், ஆறு மாதம் கழித்து எத்தனை முறை எழுந்தார் என்ற கணக்கை அடுத்த பதிப்பில் அச்சிடட்டும்.