கூரைக்கும் மூச்சு வேண்டும்

 

பூண்டுலோயாவில் இப்போது வீடு திருத்துகிறவர்கள் பலரும் தட்டையான சீலிங்கைக் கழற்றிவிட்டு, கூரைச் சரிவோடு ஒட்டியபடி சீலிங் அடிக்கிறார்கள். அறை உயரமாகத் தெரிகிறது, அழகாகவும் இருக்கிறது. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் தகரத்துக்கும் சீலிங்குக்கும் இடையில் காற்றுக்கு வழி விடாமல் அடைப்பது நம் ஊர்க் குளிருக்குச் சரிவராது என்பதே எங்கள் கருத்து.

விஞ்ஞானப் பாடத்தில் 'ஒடுங்கல்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் இங்கே நடக்கிறது. சோறு வேகும் ஆவி, சுடுதண்ணீர் ஆவி, நாலைந்து பேர் விடும் மூச்சு எல்லாம் மேலே போகின்றன. இரவில் தகரம் ஐஸாகக் குளிர்ந்திருக்கும். ஆவி அதில் பட்டதும் தண்ணீராகிச் சொட்டுகிறது. "கூரை ஒழுகுகிறது" என்று நாம் பாஸைக் கூப்பிடுகிறோம். சில நேரம் ஒழுகுவது மழையல்ல, நம் வீட்டு ஆவிதான். மரம் உளுக்கிறது, பூஞ்சணம் பிடிக்கிறது. வீசிங் உள்ள பிள்ளைக்கு அந்த அறையில் தூங்குவதே கஷ்டம்.

லயத்தில் இருந்த காலத்தில் புகையும் ஆவியும் ஓட்டை ஒடிசல் வழியே வெளியேறின. இன்றைய தனி வீடுகள் இறுக்கமானவை. 2018 ஆகஸ்டில் பக்கத்து டன்சினன் தோட்டத்தில் 404 வீடுகள் கையளிக்கப்பட்டதை நாம் பார்த்தோம். இப்படியான வீடுகளைத் திருத்தும்போதும் இனிக் கட்டும்போதும் இதை எஸ்டிமேட்டிலேயே சேர்க்க வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. தகரத்துக்குக் கீழே இரண்டு அங்குலமாவது இடைவெளி விட்டு, அதற்குக் கீழே ரெஜிபோமோ வேறு காப்போ வையுங்கள். கூரையின் கீழ் ஓரத்தில் காற்று நுழையவும் முகட்டில் வெளியேறவும் வழி விடுங்கள். சாரல் அடிக்காதபடி முகட்டுத் தகரம் இறங்கி மூடட்டும். எலி, வௌவால் புகாமல் கம்பி வலை அடியுங்கள். சீலிங்கின் மூட்டுகளையும் பல்ப் துளைகளையும் நன்றாக அடையுங்கள். சமையல் புகையைத் தனியாக வெளியே விடுங்கள். ரெஜிபோம் தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் வேண்டாம். பழைய அஸ்பெஸ்டஸ் ஷீட்டாக இருந்தால் அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம். அந்தத் தூசி புற்றுநோய் தரக்கூடியது.

"ஓட்டை விட்டால் குளிர் வருமே" என்று கேட்கிறார்கள். அந்தக் காற்று காப்புக்கு மேலே ஓடுகிறது, அறைக்குள் வருவதில்லை. குளிரைத் தடுப்பது காப்பு, ஈரத்தைக் கொண்டுபோவது காற்று. இரண்டும் வேண்டும்.

லோன் எடுத்து, சீட்டுப் பிடித்து, நகையை அடகு வைத்துத்தான் நம் மக்கள் வீடு திருத்துகிறார்கள். அந்தப் பணத்தில் அடித்த சீலிங் சில வருடத்தில் கறுத்துக் கழன்றால் அது வீண்விரயம். பளபளப்பான பலகைக்கு முன்னால் காற்று வழியைப் பற்றி பாஸிடம் பேசுங்கள். வேலை தொடங்க இருப்பவர்களுக்கு இதை எத்தி வையுங்கள்.