அம்மாவுக்கு எப்போ பென்ஷன்?

போன மாசம் கோயிலுக்குக் கிளம்பும்போது அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாங்க. "ஏம்ப்பா, பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு மாசாமாசம் கவர்மென்ட் பணம் வருதாமே? எனக்கு எப்போ வரும்?"

அந்தம்மாவுக்கும் இவங்க வயசுதான். ஆனா கனடாவுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. எங்கம்மா என் ஸ்பான்சர்ல வந்தது 66 வயசுல.

இங்கே முதியோர் பென்ஷனுக்கு (ஓஏஎஸ்) வேலை பார்த்திருக்கணும்னு கட்டாயமில்லை. வயசு 65 ஆகணும். 18 வயசுக்குப் பிறகு 10 வருஷம் இங்கே குடியிருந்திருக்கணும். முழுத்தொகைக்கு 40 வருஷம். 10 வருஷத்துக்குக் கால் பங்கு. வருமானம் குறைஞ்சவங்களுக்குக் கூடுதல் தொகை உண்டு, அதுவும் ஓஏஎஸ் கிடைச்சாதான். ஆக, அம்மாவுக்கு 76 வயசுல!

2015 ஆகஸ்ட்ல அமலுக்கு வந்த இந்தியா-கனடா ஒப்பந்தப்படி, ஊர்ல பி.எஃப். பென்ஷன் திட்டத்துல இருந்த வருஷங்களைத் தகுதிக்குச் சேர்த்துக்கலாம். ஆனா அம்மா வேலை பார்த்தது அடுப்படியில. அதுக்கு ஏது பி.எஃப்.?

சட்டத்தை நான் குறை சொல்லல. வந்திறங்கின மறுநாளே கொடுன்னு எந்த நாட்டையும் கேக்க முடியாது. அதோட, 20 வருஷம் நானே பார்த்துக்கறேன்னு கையெழுத்துப் போட்டவன் நான் (கியூபெக்ல மட்டும் 10 வருஷம்). தப்பு எங்கேன்னா, வீட்டுக்கடன், பசங்க படிப்புன்னு எல்லாக் கணக்கும் போட்டேன், இதைப் போடல. அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

அதனால, பெற்றோரைக் கூப்பிட நினைக்கிறவங்களுக்கு என் கருத்து: கிளம்பும் முன்னாடியே அவங்ககிட்ட கணக்கைச் சொல்லிடுங்க. சூப்பர் விசால வந்து தங்கற காலம் இந்தப் பத்து வருஷத்துல சேராது. ஊர்ல இருக்கற வீட்டை அவசரப்பட்டு விக்க வேண்டாம். முக்கியமா, அவங்க பேர்ல ஒரு அக்கவுண்ட் திறந்து, கேக்காமலே மாசாமாசம் ஒரு தொகை போடுங்க.

"சாப்பாடு, மருந்து எல்லாம் நாமதானே பாக்கறோம், அவங்களுக்கு எதுக்குப் பணம்?"னு நானும் கேட்டவன்தான். உண்டியல்ல போட அஞ்சு டாலருக்குப் பிள்ளைகிட்டக் கை நீட்டறது எப்படி இருக்கும்னு அப்போ யோசிக்கல.

இந்த மாசம் ஒண்ணாம் தேதி அம்மா அக்கவுண்ட்ல பணம் போட்டேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். உண்டியல்ல எவ்வளவு போட்டாங்கன்னு நான் கேக்கல.